ஒன்பதாம் பரீட்சை எழுதிய கை

சத்தத்தை அமுக்கிவிட்டு வீடியோ பார்ப்பது உப்பில்லாத களியை விழுங்குவது மாதிரி என்றார் அன்வர் பாஷா.

"விழுங்குங்க பாய்," என்றாள் நிர்மலாதேவி. "அந்தப் பொண்ணு ஒன்பது பாடத்தையும் இப்படித்தான் விழுங்கியிருக்கா."

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் மாடியேறினால் அன்வர் பாஷாவின் ஸ்டுடியோ. முப்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் நிர்மலாதேவிக்கு உதவியாளர். அவளோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் தொப்பூர் கணவாயில் நசுங்கிய வண்டிகளை மோந்து பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவள். வேலையை விட்டாலும் மூக்கு விடவில்லை. ஸ்டுடியோவின் பாதியில் ஒரு மேஜை போட்டுத் துப்பறிய உட்கார்ந்துவிட்டாள். கேள்வி கேட்பது அவள், வாயடிப்பது இவர். இரண்டுக்கும் அவ்வப்போது பலன் கிடைக்கும்.

ஆனால் கலைமதியின் விவகாரத்தில் அன்வர் பாஷாவுக்கு வாயடிக்க மனசே வரவில்லை.

கலைமதிக்கு இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. டவுனில் ஒரு தெரபி சென்டரில் மசாஜ் தெரபிஸ்ட் வேலை. கழுத்துப் பிடிப்பு, தோள்வலி என்று வருகிறவர்கள் அவள் கைதான் வேண்டும் என்று காத்திருப்பார்கள். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே மேலே படிக்க பெங்களூரு கம்பெனி ஒன்று நடத்தும் வீடியோ பாடத்தில் சேர்ந்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு பாடம். ஒவ்வொன்றுக்கும் ஆன்லைனில் ஒரு பரீட்சை, தேறினால் சான்றிதழ். பன்னிரண்டும் முடித்தால் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு மனுப் போடலாம்.

ஒன்பதாம் பாடம், கெண்டைக்காலை உருவி விடுவது. போன மாதம் பதினாலாம் தேதி மத்தியானம், லாரி ஓட்டிக் களைத்து வீட்டுக்கு வந்த அப்பா காளியப்பனின் வீங்கிய இடது காலில் அதைச் செய்து பார்த்தாள். மறுநாள் விடியலில் காளியப்பன் செத்துப்போனார். காலில் உறைந்திருந்த ரத்தக்கட்டி நழுவிப் போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். அந்த மாதிரிக் காலை அமுக்கவே கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அண்ணன் வீரமணி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய்த் தங்கச்சி மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஸ்டேஷனில் கேஸ் ரொம்ப சுலபமாகிவிட்டது. ஒன்பதாம் பாடத்தின் பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கியதாகக் கலைமதி பெயரில் சான்றிதழ் இருந்தது. தேதி, அதே பதினாலு. வீங்கிய காலைத் தொடக்கூடாது என்பது அந்தப் பரீட்சையில் ஏழாவது கேள்வி. ஆக, தெரிந்தே செய்திருக்கிறாள். பரீட்சை எழுதினாயா என்று கேட்டால் என்ன பரீட்சை என்று முழித்தாள். பொய் சொல்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். தெரிந்துதான் அமுக்கினாயா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். ஒப்புக்கொண்டாள் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஜெயில். ஜெயில் இல்லாமல் போனாலும் இனி எந்த உடம்பிலும் அவள் கை படாது.

"ஒரு சாவு போதுங்க மேடம். இன்னொன்னையும் வாரிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல," என்று வந்து நின்றவர் அம்மா கோவிந்தம்மாள்.

நேற்று இருவரும் போய்க் கலைமதியைப் பார்த்தார்கள். உள்ரூமில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் ஒரு துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். அப்பா செத்த நாளிலிருந்து அப்படித்தானாம். தொழிலுக்கும் அந்தக் கைதான், பேச்சுக்கும் அந்தக் கைதான். இரண்டையும் ஒரே துண்டில் சுற்றி வைத்துவிட்டாள் என்று பட்டது அன்வர் பாஷாவுக்கு.

அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். சாப்பிட்டியாம்மா என்றார். தலையாட்டினாள். தூங்கினியா என்றார். தலையாட்டினாள். நீதான் இந்த ஜில்லா கலெக்டராமே என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

"பார்த்தீங்களா பாய்," என்றாள் நிர்மலாதேவி வெளியே வந்ததும். "எதிராளி பேச்சை முடிச்சுட்டுப் போகட்டும்னு ஆட்டுற தலை அது. ஸ்டேஷன்ல ஆட்டினதும் அதே தலைதான்."

"அதைச் சொன்னா இன்ஸ்பெக்டர் ஒத்துக்குவாரா மேடம்?"

"மாட்டாரு. நமக்குக் காகிதம் வேணும்."

அதனால்தான் இன்று காலையிலிருந்து இந்த ஊமை வீடியோ. திரையில் ஒரு வெள்ளைச் சட்டை வாத்தியார் பேசிக்கொண்டே ஒருவருடைய கெண்டைக்காலை உருவிக்கொண்டிருந்தார்.

"உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறவளாச்சே," என்றாள் நிர்மலாதேவி. "சென்டருக்கு மாசக்கணக்கா வர்றவங்களுக்கே அவளுக்குக் காது கேக்காதுன்னு தெரியாதாம். வாத்தியார் மூஞ்சி தெளிவா தெரியுது. பாடம் தமிழ்லதான் இருக்கு. அப்ப ஏன் புரியலைன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்றது?"

அன்வர் பாஷா சத்தத்தை வைத்தார். "வீங்கிய காலைத் தொடும்முன் கவனமாகப் பாருங்கள்" என்று கணீரென்று தமிழ் வந்தது. மறுபடி சத்தத்தை அமுக்கினார். மறுபடி வைத்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மேடம், 'ம'ன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க. ஒதடு ஒட்டிச்சா? இந்த ஆளு 'கவனமாக'ன்னு சொல்றப்ப வாயி ஆன்னு தொறந்து கெடக்குது. 'பாருங்கள்'னு சத்தம் வருது, ஒதடு ரெண்டும் ஒட்டவே இல்ல. முப்பது வருசமா கல்யாண கேசட்டுல சினிமாப் பாட்டை ஒட்டுனவன் நான், எங்கிட்டயேவா? இவரு பேசுனது இங்கிலீஷு. தமிழை மேல பூசியிருக்கானுங்க."

நிர்மலாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோராவது நிமிடத்தை ஓடவிட்டார்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று குரல் எச்சரிக்கிறது. அதே நேரத்தில் திரையில் அந்தக் கைகள் கெண்டைக்காலை அழகாக உருவிக்கொண்டே இருக்கின்றன. காது உள்ளவனுக்கு அது எச்சரிக்கை. காது இல்லாதவளுக்கு அது செய்முறை.

"பாடம் அவளுக்குப் போய்ச் சேரலை," என்றாள் நிர்மலாதேவி மெதுவாக. "அப்ப பத்துக்குப் பத்து வாங்கினது யாரு?"

பெங்களூரு கம்பெனியில் போனை எடுத்த பெண் முதலில் முரண்டு பிடித்தாள். கணக்கில் பதிந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவேன், அதைச் சொன்னால்தான் விவரம் என்றாள். பதிந்திருந்த நம்பர் காளியப்பனுடையது. அந்தப் போன் கோவிந்தம்மாளின் சுருக்குப்பையில் இருந்தது. அவரை இன்னொரு போனில் கூப்பிட்டு, அவர் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, ஒருவழியாக முதல் மெயில் வந்து விழுந்தது. பரீட்சை எழுதிய மணி விவரம் சாயங்காலத்துக்குள் வரும் என்றாள். ஆள்மாறாட்டம் ஆகாமல் இருக்கப் பரீட்சை தொடங்கும்போது போனே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுமாம். ஒன்பது பரீட்சைக்கு ஒன்பது போட்டோ.

ஒன்றில்கூட முகம் இல்லை. எழுதியவர் போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கூரைதான் பதிவாகியிருந்தது. முதல் எட்டில் ஒரே கூரை, சிவப்பு ரெக்சின், ஓரம் முழுக்கப் பச்சைக் குஞ்சம், நடுவில் கிழிசலுக்கு நீல நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒன்பதாவதில் ஒரு மின்விசிறி.

"நானும் எத்தனையோ பரீட்சை எழுதித் தோத்திருக்கேன்," என்றார் அன்வர் பாஷா. "குஞ்சம் வெச்ச பரீட்சை ஹாலை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

நிர்மலாதேவி ஏற்கெனவே எழுந்து பையை மாட்டிக்கொண்டிருந்தாள். "இருபது வருஷத்துல இந்த மாதிரிக் கூரையை ஆயிரம் பார்த்திருக்கேன் பாய். பாதி நசுங்கினது. ஸ்கூட்டரை எடுங்க, தொப்பூர் போறோம்."

காளியப்பன் ஓட்டிய லாரி, கணவாய்க்கு மேலே லாரி முதலாளியின் ஷெட்டில் நின்றது. ஆள் போனதிலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஆண்டி எழுந்து வந்தார். பதினாறு வருடம் காளியப்பனோடு மாற்று டிரைவராகப் போனவர்.

அன்வர் பாஷா கேபினில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து ஒரு போட்டோ எடுத்தார். சிவப்பு ரெக்சின், பச்சைக் குஞ்சம், நீல ஒட்டு. எடுத்த போட்டோவை நிர்மலாதேவியிடம் நீட்டினார். அவள் அதை மெயிலில் வந்த எட்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பரீட்சையா? ஆமாங்க, எழுதுவாரு," என்றார் ஆண்டி, அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல. "லோடு எறக்க லேட்டாச்சுன்னா காதுல ஒயரை மாட்டிக்கிட்டு உக்காந்துக்குவாரு. வாத்தியார் சொல்றதெல்லாம் நோட்டுல எழுதுவாரு. அப்பறம் கையை அப்படி இப்படி ஆட்டிப் பாத்துக்குவாரு. பாப்பாவுக்குக் கைசாடையில சொல்லணும் இல்லீங்களா. ஹூப்ளியில ஒருக்கா மத்த டிரைவருங்க எல்லாம் சேந்து, யோவ் காளியப்பா, காத்துலயா கடன் எழுதுறேன்னு ஒரே சிரிப்பு. இவரு கண்டுக்கவே மாட்டாரு."

"பரீட்சை இவர் எழுதுறது பொண்ணுக்குத் தெரியுமா?"

"எங்கீங்க தெரியும்? பரீட்சைன்னா அதுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம். பள்ளிக்கூடத்துல பெயிலானப்ப மூணு நாள் சாப்புடலயாம். அதுக்கு ஏன் அந்தத் தொல்லை, பாடத்தை நான் ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டாப் போதும், டிக் அடிக்கிறதை நான் அடிச்சுக்கிறேன்னாரு. மெசேஜு இவரு போனுக்குத்தான வரும்."

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஆண்டி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். குண்டு குண்டான கையெழுத்து. பாடம் ஒன்று, எண்ணெயைச் சூடு பண்ணாமல் தொடாதே. பாடம் நாலு, முதுகெலும்பு மேலே கட்டைவிரல் வைக்காதே, பக்கத்தில் வை. அங்கங்கே கோணல்மாணலாகக் கை படம். வாத்தியார் வாயால் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தார் மனுஷன். எட்டாவது பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'பாடம் 9. டவர் இல்லை. வூட்டுக்குப் போய்ப் பாக்கணும்.'

"அது கடைசி டிரிப்புங்க," என்றார் ஆண்டி. "நாக்பூர்லேர்ந்து மூணு நாளு. எடது காலு பனந்துண்டாட்டம் வீங்கிப்போச்சு. டாக்டருகிட்ட போவலாம்னேன். எம்பொண்ணு பாத்துக்கும்னாரு. சேலத்துல லோடை எறக்கிட்டுத் திரும்புறோம், கணவாயில ஆக்சிடென்டு. ரெண்டு மணி நேரம் நின்னோம். பாடத்தைப் பாத்து முடிச்சிரலாம்னு போனைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு. அந்த எடத்துல எவனுக்குத்தான் டவர் கெடச்சுது."

அந்த இரண்டு மணி நேரத்தில் இரண்டு கோடு டவர் கிடைத்திருந்தால் என்று அன்வர் பாஷா நினைத்தார். நினைத்ததை முடிக்கப் பிடிக்காமல் கேபினை விட்டு இறங்கினார்.

"மேடம், அப்பன் எழுதின பரீட்சைன்னு தெரிஞ்சுபோச்சு. பொண்ணு தப்பிச்சுது. அப்பறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

"எட்டு போட்டோதான் லாரியில பாய்," என்றாள் நிர்மலாதேவி. "ஒன்பதாவது இன்னும் பாக்கி. அதுலதான் ஏழாவது கேள்வி இருக்கு. பொண்ணு கால் அமுக்குறதுக்கு முன்னாடியே அவர் அதை எழுதியிருந்தா, தெரிஞ்சே காலை நீட்டியிருக்கார்னு ஆகும். அதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

திரும்பி வரும் வழியில் மணி விவரமும் மெயிலில் வந்தது; ஒரு கடையில் நிறுத்தி அதை அச்செடுத்துக்கொண்டார்கள்.

தர்மபுரியிலிருந்து மொரப்பூர் போகும் ரோட்டில் எட்டாவது கிலோமீட்டரில் கோவிந்தம்மாளின் வீடு. வெயில் சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் மாலை போட்ட படம், அதற்கு மேலே மின்விசிறி. ஓர் இறக்கை மட்டும் நிறம் மாறி இருந்தது. போட்டோவிலும் அதே இறக்கை. வீரமணி படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். ஓசூர்க் கம்பெனியில் வேலை. ஷேவ் செய்யாத முகம். உள்ரூம் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த ரூமில்தான் கலைமதி.

"சமாதானம் பேச வந்தீங்களா மேடம்?" என்றான். "எங்கப்பன் காலை அதுதான் அமுக்குச்சு. படிச்ச படிப்புதான அது. பாஸ் பண்ணிட்டு வந்து அமுக்கியிருக்கு."

"சமாதானம் இல்ல தம்பி, ஒரே ஒரு கேள்வி. பதினாலாம் தேதி சாயங்காலம் ஆறு நாப்பத்தியொண்ணுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னையா சந்தேகப்படறீங்க?"

"தினமும் சாயங்காலம் தங்கச்சியோட வீடியோ கால்ல பேசுவீங்கன்னு அம்மா சொன்னாங்க. உங்க போனைப் பார்த்துச் சொல்லுங்க."

அவன் கோபமாகப் போனை எடுத்துத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நின்றான். பதினாலாம் தேதி, மாலை ஆறு முப்பத்திரண்டு, வீடியோ கால், இருபத்தியொரு நிமிடம். கலைமதி.

"அது சென்டர்லேர்ந்து பேசிச்சு," என்றான். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ஷிஃப்டு முடிஞ்சதும் நான் கூப்புடுவேன், கையால பேசிக்குவோம். புதுசா ஒண்ணு கத்துக்கிட்டேன், மத்தியானம் வந்து அப்பா காலுக்குச் செஞ்சேன், அப்பா தூங்கிட்டாருன்னு சந்தோசமா சொல்லிச்சு. சொன்னதாலதான் எனக்கே தெரியும்."

"ஆறு முப்பத்திரண்டுலேர்ந்து ஆறு அம்பத்திமூணு வரைக்கும் ரெண்டு கையும் உங்களோட பேசிக்கிட்டு இருந்திருக்கு. அந்தக் கைதான் ஆறு நாப்பத்தியொண்ணுக்கு ஒன்பதாம் பரீட்சையை எழுதிச்சா?" நிர்மலாதேவி மெயிலில் வந்த தாளை அவன் முன்னால் வைத்தாள். "சான்றிதழ்ல தேதி மட்டும்தான் இருக்கு. மணி இதுல இருக்கு. பரீட்சை நடந்தது இந்த விசிறிக்குக் கீழ."

தங்கச்சியைக் காப்பாற்றும் சாட்சி இத்தனை நாளாகப் புகார் கொடுத்தவன் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் அன்வர் பாஷா இதை வைத்து அரை மணி நேரம் பேசுவார்.

வீரமணி தாளைப் படித்தான். அதில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ஒன்பதாம் பாடத்தின் வீடியோ அந்தப் போனில் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் முதன்முதலாக ஓடியிருக்கிறது. பதினோராவது நிமிடம் வந்ததும் நின்று, பின்னால் போய், நான்கு தடவை திரும்ப ஓடியிருக்கிறது.

"அப்பாதானா?" என்றான்.

"எல்லாப் பாடத்தையும் அவர்தான் முதல்ல கேட்டு, அப்பறம் பொண்ணுக்குச் சொல்வாரு. ஒன்பதாவதுக்கு டவர் கிடைக்கலை. அவர் வந்து சொல்றதுக்குள்ள, அப்பா கால் வலியோட வர்றார்னு பொண்ணு தானாவே படத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டா. படத்துல கை மட்டும்தான் இருந்துச்சு. அவர் சாயங்காலம் கேட்டாரு. அதுக்குள்ள காரியம் ஆகிப்போச்சு."

வாசற்படியில் நின்றிருந்த கோவிந்தம்மாள் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதான் அப்படிச் சொன்னாரா," என்றார். "வெளக்கு வெக்கிற நேரங்க. இங்கதான் போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வெளிய வந்து மூஞ்சி கழுவுனாரு. கோவிந்தம்மா, காலையில மொத பஸ்சுக்கு ஆஸ்பத்திரி போவலாம், பாப்பாகிட்ட சொல்லாதன்னாரு. இப்பவே போவலாங்கன்னேன். எட்டு மணிக்குப் பாப்பா வேலை முடிஞ்சு வரும், வந்து நான் இல்லன்னா ஏன் போனேன்னு யோசிக்கும், பயந்துக்கும்னாரு. எனக்கு ஒண்ணியும் வெளங்கல. வயசான காலத்துல ஒரு வீக்கம், அதைப் புள்ளகிட்ட மறைப்பானேன்னு நெனச்சேன். காலையில நாலரைக்கு எந்திரிச்சாரு, பஸ்சுக்குக் கெளம்ப. கொல்லையில பல்லு வெளக்கப் போனவருதான்."

அன்வர் பாஷா அந்தத் தாளில் இருந்த மணிகளை மறுபடி வரிசையாகப் படித்தார். ஆறரை மணிக்கு அந்த மனுஷன் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். காலில் என்ன இருக்கிறது, மத்தியானம் என்ன நடந்துபோயிற்று எல்லாம் விளங்கிவிட்டது. சாவு இத்தனை பக்கத்தில் என்று நினைத்திருக்க மாட்டார், காலையில் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றே நினைத்திருப்பார். ஆனாலும் பயந்திருப்பார். அந்தப் பயத்தோடு உட்கார்ந்து, மகளுக்குச் சேலத்து வேலை தள்ளிப்போய்விடக் கூடாது என்று பத்துக் கேள்விக்கும் சரியான பதிலை டிக் அடித்திருக்கிறார். ஏழாவது கேள்விக்கும்தான்.

"எட்டு மணிக்கு அது வந்துச்சுங்க," என்றார் கோவிந்தம்மாள். "வந்ததும் மொதல்ல காலைக் காட்டி எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சு. இவரு எந்திரிச்சு நின்னு, வலி ஓடியே போச்சுன்னு கையால சொல்லி, ரெண்டு எட்டு நடந்து காட்டுனாரு. அது சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது."

வீரமணி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். புகார் எழுதிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பத்தொன்பது நாள் ஆடாமல் பிடித்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆடியது. அன்வர் பாஷா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில ஸ்டேஷனுக்கு நானே வர்றேன் மேடம்," என்றான் கடைசியில். "போன், இந்தத் தாளு, அந்த நோட்டு எல்லாத்தையும் நானே குடுத்துச் சொல்றேன்."

"அது காலையில. இப்ப உள்ள போய்ச் சொல்லுங்க," என்றாள் நிர்மலாதேவி. "இந்த வூட்ல அவளோட ஒழுங்கா பேசத் தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தர் போயிட்டார். மீதி இருந்த நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க."

"எல்லாத்தையுமா சொல்றது? அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்ததையும் சொல்லணுமா?"

கோவிந்தம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தார். நிர்மலாதேவி சற்று யோசித்தாள்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல அந்தத் தாளைச் சத்தமா படிப்பாங்க. அவ அவங்க உதட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பா. அங்க தெரிஞ்சுக்கிறதைவிட உங்க கையில தெரிஞ்சுக்கட்டும்."

வீரமணி உள்ரூமுக்குப் போனான். தங்கச்சிக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவே பயந்தாள். அவன் கைகள் பேச ஆரம்பித்தன. முதலில் தடுமாறியது, பிறகு வேகம் பிடித்தது. அன்வர் பாஷாவுக்கு ஒரு சாடையும் புரியவில்லை. லாரி ஸ்டியரிங் பிடிப்பது மட்டும் புரிந்தது, நோட்டில் எழுதுவது புரிந்தது, போனைத் தூக்கிக் காட்டுவது புரிந்தது. பிறகு வீரமணி நான்கு விரலை நீட்டினான். அப்பா அந்த வீடியோவைத் திரும்ப ஓடவிட்ட நான்கு தடவை.

கலைமதி அவன் விரல்களையே பார்த்தாள். அப்புறம் துண்டு அவிழ்ந்தது. பத்தொன்பது நாள் சுருண்டு கிடந்த விரல்கள் சிவந்து வெளியே வந்து, சின்னதாக ஏதோ கேட்டன.

வீரமணி திரும்பிப் பார்த்தான். "அப்ப வலி ஓடிப்போச்சுன்னு அப்பா சொன்னது பொய்யான்னு கேக்குதுங்க. அவரு அதுகிட்ட ஒரு நாளும் பொய் சொன்னது இல்ல."

கோவிந்தம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். அன்வர் பாஷா நிர்மலாதேவியைப் பார்த்தார். அவள் அறைக்குள் போய், தன் முகம் கலைமதிக்கு நன்றாகத் தெரிகிறபடி குனிந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"ஆமாம்மா. பொய்தான்."

கலைமதி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டவில்லை. எழுந்து, எல்லோரையும் தாண்டிக் கூடத்துக்கு வந்து, அப்பாவின் படத்துக்கு எதிரே போய் நின்றாள். அவள் முதுகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. தோள்கள் அசைந்தன, முழங்கைகள் ஏறி இறங்கின. அப்பாவிடம் அவள் நிறையப் பேசிக்கொண்டிருந்தாள். கோபமாகவும் இருந்தது, நடுநடுவே நின்று நின்று அழுவதாகவும் இருந்தது.

"என்னடா சொல்லுது?" என்றார் கோவிந்தம்மாள் மகனிடம். "ஒருபக்கமா போய்ப் பாத்துச் சொல்லுடா."

வீரமணி இருந்த இடத்திலேயே நின்றான்.

"வேணாம்மா," என்றான். "அவரு கேட்டுக்குவாரு."